கமிட்டிக்கு கம்ப்யூட்டர் வந்தது... விலை வந்ததா?

கேள்வி: ''மல்லாட்டை, நெல் இரண்டும் சாகுபடி செய்கிறேன். எங்கள் பகுதி கமிட்டியில் முன்பெல்லாம் வியாபாரிகள் சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவார்கள். இப்போது கம்ப்யூட்டர், செல்போன் என எல்லாம் வந்துவிட்டது. ஆனால், வாங்குகிறவர்கள் அதே ஆட்கள்தான். விலையும் அப்படியேதான் இருக்கிறது. இந்தத் தொழில்நுட்பத்தால் விவசாயிக்கு உண்மையில் ஏதாவது நன்மை உண்டா?''

- திருவண்ணாமலை வாசகர்

பதில்: நன்மை உண்டு. ஆனால், அது எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 'அதே ஆட்கள்தான் வாங்குகிறார்கள்' என்று வாசகர் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியிலேயே பாதி பதில் இருக்கிறது.

பழைய மறைமுக ஏலத்தை நினைத்துப் பார்க்கலாம். காலையில் மூட்டைகள் இறங்கும். குவியலுக்கு ஒரு லாட் எண் போடுவார்கள். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலிலும் கைப்பிடி காயை அள்ளி, நாலைந்தை உடைத்து, பருப்பை வாயில் போட்டுப் பார்த்து, சீட்டில் விலையை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பிறகு ஊழியர்கள் பெட்டியைத் திறந்து, சீட்டுகளை லாட் வாரியாகப் பிரித்து, எது அதிக விலை என்று தேடி எடுப்பார்கள். 100 லாட், 15 வியாபாரிகள் என்றால் 1,500 சீட்டுகள். அறுவடைக் காலத்தில் இதற்கே மத்தியானம் தாண்டிவிடும். 6-ஐ 0 என்று படித்துவிட்டால் யாருடைய மல்லாட்டையோ யாருடைய விலைக்கோ போய்விடும்.

கம்ப்யூட்டர் இந்தச் சீட்டுப் பிரிக்கும் வேலையை நொடியில் முடித்துவிடுகிறது. அலுவலகத்துக்கு வேலை மிச்சம். விவசாயி வெயில் சாய்வதற்குள் பஸ் பிடிக்கலாம். இதுவும் நன்மைதான். ஆனால், சீட்டை வேகமாகப் பிரிப்பதால் சீட்டில் எழுதிய விலை கூடாது. அதே 15 பேர், அதே மனக்கணக்கோடு விலை போட்டால், கம்ப்யூட்டர் அதே விலையைத்தான் சீக்கிரமாகச் சொல்லும்.

அப்படியானால் எங்கேயுமே விலை கூடவில்லையா? பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் கூடியிருக்கிறது. 2014-ம் ஆண்டில் அங்கே சந்தைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மின்னணு ஏலத்துக்குள் கொண்டுவரத் தொடங்கினார்கள். நாளடைவில் 160-க்கும் மேற்பட்ட சந்தைகள் அதில் இணைந்தன. இதனால் விலையில் என்ன மாற்றம் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி ஆராய்ச்சியாளர்கள் உள்ளிட்ட குழு கணக்கெடுத்து, 2020-ல் வெளியிட்டது. நெல்லுக்கு 5.1 சதவிகிதம், நிலக்கடலைக்கு 3.6 சதவிகிதம், மக்காச்சோளத்துக்கு 3.5 சதவிகிதம் விலை கூடியிருந்தது. நெல்லும் மல்லாட்டையும் திருவண்ணாமலைக்காரர்களின் பயிர்கள். குவிண்டால் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3.6 சதவிகிதம் என்பது 252 ரூபாய். 10 குவிண்டால் கொண்டு போகிறவருக்கு 2,520 ரூபாய். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை எல்லாம் அதில் அடங்கிவிடும்.

அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பருத்தி, பாசிப்பயறு, துவரை மூன்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி விலை கூடவில்லை. அதே மாநிலம், அதே கம்ப்யூட்டர், அதே ஏலம்தான். பொருளுக்குப் பொருள் போட்டியும், விலை வைக்கும் முறையும் வேறுபட்டதால் பலனும் வேறுபட்டது. நல்ல தரமான பொருளை விளைவித்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைத்தது என்பதும் அந்த ஆய்வு சொன்ன தகவல். விவசாயிகள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

கர்நாடகத்தில் மென்பொருளோடு நடைமுறையையும் மாற்றினார்கள். ஒரு வியாபாரி ஒவ்வொரு சந்தைக்கும் தனித்தனியாக உரிமம் வாங்கிக்கொண்டிருந்த நிலையை மாற்றி, ஒரே உரிமத்தில் பல சந்தைகளில் விலை கேட்க வழி செய்தார்கள். மத்திய அரசு இ-நாம் என்ற தேசிய மின்னணு வேளாண் சந்தையை 2016 ஏப்ரல் 14 அன்று 8 மாநிலங்களில் 21 சந்தைகளோடு தொடங்கியபோதும் இதே பாடத்தை எடுத்துக்கொண்டது. இதில் சேர விரும்பும் மாநிலம், மாநிலம் முழுக்கச் செல்லுபடியாகும் ஒரே உரிமம், ஓரிடத்தில் மட்டும் சந்தைக் கட்டணம், மின்னணு ஏலத்துக்கு அனுமதி ஆகிய மூன்றையும் சட்டத்தில் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். தமிழ்நாடும் இதில் சேர்ந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து விற்பனைக்கூடங்கள் சிலவும் இப்போது அதில் இருக்கின்றன.

சட்டம் மாறிவிட்டது, கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. பிறகும் வெளியூர் வியாபாரி ஏன் விலை கேட்கவில்லை?

காரணம், அவரால் காயை உடைத்துப் பார்க்க முடியாது. ஈரோட்டிலோ சேலத்திலோ உட்கார்ந்திருக்கும் எண்ணெய் மில்காரருக்குத் திரையில் தெரிவது, 'நிலக்கடலை, 12 குவிண்டால்' என்ற வரி மட்டும்தான் என்றால் அவர் எதை நம்பி விலை போடுவார்? போட்டாலும், மோசமான சரக்காக இருக்கலாம் என்று பயந்து குறைத்துத்தான் போடுவார். ஈரப்பதம் எவ்வளவு, 100 கிலோ காயை உடைத்தால் எத்தனை கிலோ பருப்பு, சுருங்கல் எவ்வளவு, சொத்தை எவ்வளவு, மண்ணும் தூசியும் எவ்வளவு என்று அளந்து, அந்த எண்களைத் திரையில் ஏற்றினால்தான் தூரத்து ஆள் உள்ளூர் ஆளோடு போட்டிக்கு வர முடியும். இதைத்தான் தரப் பகுப்பாய்வு என்கிறார்கள். ஒரு விற்பனைக்கூடத்தில் இந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா, அல்லது எல்லா லாட்டுக்கும் ஒரே மாதிரி எண்ணை நிரப்பிவிட்டுப் போகிறார்களா என்பதில்தான் அந்தக் கம்ப்யூட்டரின் மதிப்பே இருக்கிறது.

இதைச் சின்ன கணக்காகப் பார்க்கலாம். ஒருவருடைய மல்லாட்டை குவிண்டாலுக்கு 65 கிலோ பருப்பு தருகிறது. இன்னொருவருடையது 70 கிலோ தருகிறது. பருப்பு கிலோ 100 ரூபாய் என்றால் இரண்டுக்கும் குவிண்டாலுக்கு 500 ரூபாய் வித்தியாசம். அளந்து பார்க்காத சந்தையில் இரண்டு பேருக்கும் நடுவிலான ஒரு விலை கிடைக்கும். ஜிப்சம் போட்டு, சரியான பருவத்தில் பிடுங்கி, நன்றாகக் காய வைத்தவருடைய உழைப்பு பக்கத்து லாட்டுக்குப் போய்ச் சேரும். தரத்துக்கு விலை கிடைக்காத இடத்தில் யாரும் தரத்துக்காக மெனக்கெட மாட்டார்கள். ஒரு மாவட்டத்தின் சரக்கு முழுவதற்கும் கெட்ட பெயர் வருவது இப்படித்தான்.

விற்பனைக்கூடம் என்ற அமைப்பே இந்த மாதிரி ஒரு மாற்றத்தில் பிறந்ததுதான். 1933-ல் மதராஸ் மாகாணத்தில் வணிகப் பயிர்களுக்கான சந்தைச் சட்டம் வந்தது. 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தொடங்கப்பட்டது. துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசிய காலத்தில், எல்லோரும் பார்க்கிற தராசும், எல்லோரும் படிக்கிற கரும்பலகையும்தான் புதிய தொழில்நுட்பம். தராசு வந்ததோடு, எடை போடும் வேலை வியாபாரியின் ஆளிடம் இருந்து கமிட்டி ஊழியரின் கைக்கு மாறியது. அந்த மாற்றம் இல்லாமல் தராசு மட்டும் வந்திருந்தால் பெரிய பலன் இருந்திருக்காது.

உலகம் முழுக்க இதே அனுபவம்தான். அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு 1880-களிலேயே மின்சாரம் வரத் தொடங்கிவிட்டது. ஆனால், உற்பத்தி பெரிதாகக் கூடியது 1920-களில்தான் என்று பொருளாதார வரலாற்று அறிஞர் பால் டேவிட் 1990-ல் விளக்கினார். நடுவில் இருந்த ஏறத்தாழ 40 ஆண்டுகளில், நீராவி எந்திரத்தைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மின் மோட்டாரை வைத்து, அதே பழைய பெல்ட்டுகளையே ஓட்டிக்கொண்டிருந்தார்கள் பலர். ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, வேலை நடக்கும் வரிசையையே மாற்றியமைத்த பிறகுதான் பலன் வந்தது. கிணற்றில் கவலை போய் மோட்டார் வந்தபோது நம் ஊரிலும் இதைப் பார்த்தோம். நீரை இறைக்கும் வேகம் கூடியது, ஆனால் ஒழுகுகிற மண் வாய்க்கால் அப்படியே இருந்த காட்டில் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை.

சரி, அலுவலகம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கடைசி முடிவு விவசாயியிடம் வருகிறது. ஏலம் முடிந்ததும் அதிகபட்ச விலை செல்போனில் குறுஞ்செய்தியாக வரும். பிடித்தால் ஒப்புக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் மறுத்துவிடலாம். மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. ஆனால், அந்த உரிமையைப் பயன்படுத்தும் நிலையில் அவர் இருக்கிறாரா?

கேரளத்தில் மத்தி மீன் பிடிப்பவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று புகழ்பெற்றது. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் செல்போன் கோபுரங்கள் வந்தபோது, மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டு, அங்கே படகைத் திருப்பினார்கள். அதற்கு முன்பு ஒரு கரையில் மீன் வாங்க ஆளில்லாமல் கொட்டுவார்கள். அடுத்த கரையில் மீன் கிடைக்காமல் விலை எகிறும். செல்போன் வந்த பிறகு கொட்டுவது நின்றது. மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவிகிதம் கூடியது. வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவிகிதம் குறைந்தது. ராபர்ட் ஜென்சன் என்பவர் இதை 2007-ல் வெளியிட்டார். தகவல் அங்கே பலித்ததற்குக் காரணம், படகைத் திருப்ப முடிந்ததுதான்.

மல்லாட்டை விவசாயியால் 'படகைத் திருப்ப' முடியுமா? விதைக்கும்போதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவருக்கு எத்தனை சந்தை விலை செல்போனில் தெரிந்தாலும், மூட்டை போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். மூட்டையைக் கமிட்டியில் இறக்கிவிட்டு, அன்று மாலைக்குள் நகைக்கடனுக்கு வட்டி கட்ட வேண்டியவருக்கும் மறுக்கும் உரிமை காகிதத்தில் மட்டும்தான். இதற்குத்தான் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பொருளீட்டுக் கடன் இருக்கிறது. விளைபொருளைக் கிடங்கில் வைத்து, அதன் மதிப்பில் 75 சதவிகிதம் வரை, அதிகபட்சம் 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கலாம். வட்டி 5 சதவிகிதம். கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்தக் கடனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் விலைத் தகவலுக்குப் பல் முளைக்கும்.

விலைத் தகவலைப் படிப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். உழவன் செயலியிலோ இ-நாம் செயலியிலோ 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சந்தையில் குவிண்டாலுக்கு 300 ரூபாய் கூடுதல் என்று பார்த்ததும் வண்டியைக் கட்டிவிடக் கூடாது. அது அன்றைய அதிகபட்ச விலையா, பெரும்பாலான லாட்டுகளுக்குக் கிடைத்த விலையா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு நல்ல லாட்டுக்குக் கிடைத்த உச்ச விலையை நம்பிப் போனவர்கள் நிறைய பேர். அதோடு வண்டி வாடகை, ஒருநாள் கூலி, காயவில்லை என்று கழித்தால் என்ன செய்வது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். திருவண்ணாமலைக்கு மூட்டை கொண்டு வருகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்வார்கள். பௌர்ணமி அன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள்தான். கார்த்திகை தீபம் என்றால் கேட்கவே வேண்டாம். வண்டி ஊருக்குள் நுழைவதற்குள் விடிந்துவிடும். அந்தத் தகவலை எந்தச் செயலியும் சொல்வதில்லை, சுவரில் தொங்கும் நாள்காட்டி சொல்லிவிடுகிறது. மூட்டை ஏற்றுவதற்கு முன்பே அது தெரிகிறது என்பதால்தான் அதற்குப் பயன்.

வாசகர் அடுத்த முறை கமிட்டிக்குப் போகும்போது சிலவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். தன் லாட்டுக்குத் தரப் பகுப்பாய்வு நடந்ததா, அதன் எண்கள் என்ன, எத்தனை பேர் விலை கேட்டார்கள், அதில் வெளியூரார் எத்தனை பேர் என்பவைதான் முக்கியம். விலை கேட்டவர் இரண்டு பேர்தான் என்றால், அன்றைய விலையை மறுப்பதில் தவறே இல்லை. மல்லாட்டையை 8 சதவிகித ஈரப்பதத்துக்குக் காய வைத்து, மண் நீக்கி, ரகம் கலக்காமல் கொண்டு போவது விவசாயியின் கையில் இருக்கிறது. நல்ல சரக்கையும் சுமார் சரக்கையும் ஒரே லாட்டாகக் கொட்டினால், பகுப்பாய்வு அறிக்கை சுமார் சரக்குக்காகத்தான் பேசும். இ-நாம் பற்றிய சந்தேகங்களுக்கு 1800 270 0224 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

கேள்வி: ''நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு இணையத்தில் பதிவு செய்துதான் போகிறோம். அப்படியும் நெல்லைக் கொட்டி வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறதே, ஏன்?''

- ஆரணி பகுதி வாசகர்

பதில்: பதிவு முறை வரிசையை ஒழுங்குபடுத்தும், நிலையத்தின் கொள்ளளவைக் கூட்டாது. ஒரு நாளைக்கு 800 மூட்டை எடை போடக்கூடிய இடத்துக்கு 1,000 மூட்டை வந்தால், தினமும் 200 மூட்டை தேங்கும். எடை போட்ட நெல்லை ஏற்றிப்போக லாரி வரவில்லை என்றால், கம்ப்யூட்டரில் எத்தனை பேர் பதிவு செய்திருந்தாலும் களத்தில் இடம் காலியாகாது.

ஆனால், பதிவுப் பட்டியலுக்கு ஒரு பெரிய பயன் இருக்கிறது. அடுத்த வாரம் எந்த ஊரில் இருந்து எவ்வளவு நெல் வரும் என்பது அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதைப் பார்த்து சாக்கு, லாரி, கூடுதல் ஆட்களை முன்பே திருப்பிவிட்டால் தேக்கம் குறையும். பட்டியலை வெறும் டோக்கன் புத்தகமாக வைத்துக்கொண்டால் குறையாது. உழவர் அமைப்புகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் 'நெல்லைச் சீக்கிரம் எடுங்கள்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, இத்தனை மூட்டை பதிவாகியிருக்கிறது, இத்தனை லாரிதான் வந்தது என்று எண்களோடு கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

விவசாயிகள் தங்கள் பங்குக்கு 17 சதவிகிதத்துக்குள் ஈரப்பதம் இருக்கும்படி நெல்லைக் காய வைத்துக் கொண்டு போக வேண்டும். 2025-26 கொள்முதல் பருவத்துக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போவதால், பதிவில் கொடுத்த கணக்கு எண் புழக்கத்தில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: ''எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் மென்பொருள் வாங்கலாம் என்று சில இயக்குநர்கள் சொல்கிறார்கள். வீண் செலவு என்று சிலர் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்?''

- செங்கம் பகுதி வாசகர்

பதில்: இரண்டு தரப்பும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். இந்த மென்பொருளைப் பார்த்து இயக்குநர் குழு எந்த முடிவை மாற்றி எடுக்கப்போகிறது? பதில் இருந்தால் வாங்கலாம். இல்லை என்றால் பில் போடும் எந்திரமாகத்தான் அது இருக்கும்.

உதாரணத்துக்கு, ஆடிப்பட்டத்துக்கு மல்லாட்டை விதை வாங்கும் முடிவை எடுத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு ஏறத்தாழ 50 கிலோ பருப்பு தேவை. உறுப்பினர்கள் 200 ஏக்கரில் விதைப்பார்கள் என்றால் 10 டன். தோராயமாக 15 டன்னுக்கான விதை வாங்கி வைத்துவிட்டால், மீதி 5 டன்னில் நிறுவனத்தின் பணம் முடங்கிவிடும். மல்லாட்டையைப் பருப்பாக உடைத்து வைத்தால் முளைப்புத்திறனும் வேகமாகக் குறையும். அடுத்த பட்டத்துக்கு அது விதையாகாது, எண்ணெய்க்குத்தான் போக வேண்டும். யார், எத்தனை ஏக்கர், எந்த ரகம், போன வருடம் கேட்டுவிட்டு வாங்காமல் போனவர் யார் என்ற நான்கு தகவல்களும் சித்திரைக்குள் இயக்குநர்களின் மேசைக்கு வந்தால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம். அதற்கு முதல் வருடம் ஒரு நோட்டுப் புத்தகமே போதும்.

நோட்டை ஒழுங்காக எழுத முடியாத நிறுவனம், மென்பொருளிலும் ஒழுங்காகப் பதிய முடியாது. மத்திய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில் சேர்ந்த நிறுவனமாக இருந்தால், நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. கணக்காளர் சம்பளமும் அதில் அடக்கம். முதலில் உள்ளூரிலேயே ஒரு நல்ல கணக்காளரைப் பிடித்து, ஒரு பட்டம் முழுக்க நோட்டில் எழுத வையுங்கள். எந்தப் பக்கத்தை இயக்குநர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் புரட்டுகிறார்களோ, அந்தப் பக்கத்தை முதலில் கம்ப்யூட்டருக்கு மாற்றலாம். விற்பனையாளர் காட்டும் மற்ற வசதிகளுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம்.